சாவித்துவாரச் சத்திரசிகிச்சை: இயந்திரம் வந்துவிடும், கற்றுக்கொடுக்கும் கை எங்கே?

என் மாமியின் வயிற்றில், நெஞ்சாங்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை ஒரு நீளமான தழும்பு இருக்கிறது. 2009 மார்ச் கடைசியில், மாத்தளனில், வைத்தியசாலையாக மாறியிருந்த ஒரு பாடசாலைக் கட்டடத்தில் போட்ட தையல் அது. செல் துண்டு குடலைக் கிழித்திருந்தது. எந்த வசதியும் இல்லாத இடத்தில், யாரோ ஒரு டொக்டர் வயிற்றைத் திறந்து, கிழிந்ததைத் தைத்து, அவவைச் செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அந்த டொக்டரின் முகம்கூட மாமிக்கு நினைவில்லை. தழும்பு மட்டும் இருக்கிறது. எடுக்காமல் விட்ட ஒரு 'பீஸ்' இடுப்புக்குள் இன்னும் கிடக்கிறது.

மாமா அந்த மே மாதத்தோடு இல்லை. மாமி தையல் மெசின் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தவ. இரண்டு வருடங்களுக்கு முன் வலது விலாவுக்குக் கீழே விட்டுவிட்டு வலி வரத் தொடங்கியது. ஸ்கான் எடுத்தபோது பித்தப்பை நிறையக் கற்கள். பித்தப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள்.

மாமி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தினை நாளைக்கு மெசின்ல இருக்கேலாது எண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை."

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. நான் மருத்துவம் படித்தவளல்ல, ஊடகக் கற்கைகள் படித்தவள். ஆகவே எனக்கு விளங்கிய விதத்தில், எங்கள் வீட்டில் விளக்கிச் சொன்ன விதத்திலேயே எழுதுகிறேன்.

இரண்டு வழிகள், இரண்டு கணக்குகள்

பித்தப்பையை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு வெட்டித் திறந்து, கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்த்து எடுப்பார்கள். தசையை வெட்டுவதால் வலி அதிகம். பாரம் தூக்காமல், குனிந்து நிமிராமல் நான்கிலிருந்து ஆறு கிழமை இருக்க வேண்டும்.

மற்றது லப்பரஸ்கோப்பி. சனங்கள் சாவித்துவாரச் சத்திரசிகிச்சை என்று சொல்வது இதைத்தான். வயிற்றில் நான்கு சிறு துளைகள் இடுவார்கள். பெரிய துளையே ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஒரு துளைவழியாகக் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உப்ப வைப்பார்கள். இன்னொன்றால் வெளிச்சத்தோடு கூடிய மெல்லிய கமெரா போகும். மற்றத் துளைகளால் நீண்ட மெல்லிய கருவிகள் போகும். உள்ளே நடப்பதைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்துக்கொண்டே பித்தப்பையைப் பிரித்தெடுப்பார்கள். பெரும்பாலானோர் அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம், ஒன்றிரண்டு கிழமையில் வேலைக்கும் திரும்பலாம்.

மாதச் சம்பளமும் சுகயீன விடுமுறையும் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் சௌகரியம் பற்றியது. மாமியைப் போன்றவர்களுக்கு அது சாப்பாடு பற்றியது. தோட்டக்கூலி, கடற்தொழில், மேசன் வேலை, வீட்டுத் தையல் என்று நாட்கூலியில் ஓடும் குடும்பத்தில், ஐந்து கிழமை வேலை இல்லை என்றால் நுண்கடன் தவணைகள் தவறும். சாவித்துவாரச் சத்திரசிகிச்சையைப் பணக்காரரின் ஆடம்பரம் என்று நினைப்பது தவறு. அது யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களைத்தான் கடைசியாகச் சென்றடைகிறது.

மாமியை வன்னியில் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் நேர்மையானவர். பழைய தழும்பைப் பார்த்ததும் யோசித்தார். முன்பு திறந்த வயிற்றுக்குள் குடலும் உள்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். முதல் துளையைப் போடும்போதே குடலில் பட்டுவிடக்கூடும். அப்படிப்பட்ட வயிற்றில் துளைவழியாகச் செய்வதற்கு, இதை நிறையச் செய்த ஒருவர் தன்னருகில் நிற்க வேண்டும் என்றார். அவரது வைத்தியசாலையில் அப்படி ஒருவர் இல்லை. பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பலாம், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் திறந்து செய்வார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கூட நிற்க ஆள் இல்லை. மாமி திறந்து செய்யச் சொன்னா. சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. ஆறு கிழமை மெசின் மூடிக்கிடந்தது. பாடசாலைச் சீருடை தைக்கும் பருவம் அந்த ஆறு கிழமைக்குள் வந்து போனது.

அந்த நிபுணர் எடுத்த முடிவில் எந்தத் தவறும் இல்லை. 'அருகில் நிற்க ஒருவர் வேண்டும்' என்று அவர் சொன்னதுதான் எனக்குள் நின்றது. ஏன் அந்த ஒருவர் இல்லை?

சப்பாத்துப் பெட்டிக்குள் ஆறு கச்சான்

ஒரு விசயத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பல வருடம் வயிற்றைத் திறந்து செய்த ஒரு நிபுணர், கமெராவை வாங்கிக் கொடுத்ததும் மறுநாள் துளைவழியாகச் செய்துவிட முடியாது. அது அதே வேலையின் சின்ன வடிவம் அல்ல. கைக்கு அது புதிய தொழில்.

இதை நம்புவதற்கு நானே செய்து பார்த்தேன். என்னோடு பாடசாலையில் படித்த ஒருத்தி இப்போது சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருக்கிறாள். பாவனையிலிருந்து கழித்த இரண்டு பழைய கருவிகளை அவள் தந்தாள். சப்பாத்துப் பெட்டி ஒன்றின் மூடியில் இரண்டு துளைகள் இட்டேன். உள்ளே ஒரு சின்ன லைற், மேலே ஓட்டை வழியாகப் பார்க்கும்படி ஒரு கைத்தொலைபேசி. பெட்டிக்குள் இடப்பக்கம் ஆறு கச்சான். ஒவ்வொன்றையும் இடது கைக் கருவியால் தூக்கி, நடுவானில் வலது கைக் கருவிக்கு மாற்றி, வலப்பக்கம் வைத்து, பிறகு அதேபோல் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

எனக்குப் பதினொரு நிமிடம் எடுத்தது. இரண்டு கச்சான் உடைந்தது.

ஏன் இவ்வளவு கடினம்? முதலாவது, கருவி துளையில் ஊன்றித் திரும்புகிறது. படகுத் துடுப்பைப்போல, கையை வலப்பக்கம் அசைத்தால் நுனி இடப்பக்கம் போகும். மேலே தூக்கினால் கீழே இறங்கும். மூளை அதை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. இரண்டாவது, திரையில் ஆழம் இல்லை. கச்சான் கருவிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரிவதில்லை. மூன்றாவது, நீண்ட கருவியின் நுனியில் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகிறது. நான்காவது, தொடுகை இல்லை. திறந்த வயிற்றில் விரலால் தொட்டு, இது நாளமா, கொழுப்பா, கல்லா என்று அறியலாம். இங்கே விரலுக்குப் பதிலாக ஒரு முழ நீளக் கம்பி.

நான் கச்சானோடு போராடிய இந்தப் பயிற்சி என் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணராகச் சான்றிதழ் பெற விரும்புபவர் கட்டாயம் சித்தியடைய வேண்டிய பரீட்சை ஒன்றில், ஐந்து பெட்டிப் பயிற்சிகளில் முதலாவது இதுதான். கச்சானுக்குப் பதிலாக அங்கே ஆறு இறப்பர் வளையங்கள். தேர்ச்சி பெற்ற ஒரு கையின் இலக்கு 48 விநாடி.

முதல் பதின்மூன்று பேர்

கச்சான் உடைந்தால் பரவாயில்லை. பித்தப்பைக்குப் பக்கத்தில் பித்தக்குழாய் ஓடுகிறது. ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் ஒரே வழி அது. பித்தப்பையின் காம்பு என்று நினைத்து அதை வெட்டிவிட்டால், நோயாளிக்கு மஞ்சட்காமாலை, தொற்று, மறுபடி பெரிய சத்திரசிகிச்சை, சிலவேளை வாழ்நாள் முழுவதும் ஈரல் பிரச்சினை.

துளைவழியாகப் பித்தப்பையை முதன்முதலில் எடுத்தவர் எரிக் மூஹே என்ற ஜேர்மன் நிபுணர். அது 1985 செப்டெம்பரில். அவருடைய நாட்டின் சத்திரசிகிச்சை உலகம் முதலில் அவரை நம்பவில்லை. 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே செய்த பிறகு, இந்த முறை காட்டுத்தீபோல் பரவியது. நோயாளிகள் கேட்டார்கள், வைத்தியசாலைகள் போட்டி போட்டன, வார இறுதிப் பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்த நிபுணர்கள் திங்கட்கிழமை செய்யத் தொடங்கினார்கள்.

விளைவு என்ன? 1991இல் அமெரிக்காவின் தென்மாநில நிபுணர்கள் குழுவொன்று 1,518 நோயாளிகளின் விபரங்களை வெளியிட்டது. ஒவ்வொரு நிபுணரும் செய்த முதல் 13 நோயாளிகளில் பித்தக்குழாய்க் காயம் 2.2 வீதம். அதற்குப் பிந்திய நோயாளிகளில் 0.1 வீதம். அதே கை, அதே இயந்திரம், வித்தியாசம் இருபது மடங்குக்கு மேல். அடுத்த ஆண்டு நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களம், ஒருவர் தனியாகச் செய்வதற்கு முன் 15 சத்திரசிகிச்சைகளை அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் செய்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியது.

பயிற்சியின் பிரச்சினை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. எல்லா நிபுணருக்கும் முதல் பதின்மூன்று பேர் உண்டு. அந்தப் பதின்மூன்று பேர் யார்? அருகில் நின்று 'நிறுத்து, அது காம்பல்ல' என்று சொல்ல ஒருவர் இருந்தால், அவர்கள் பாதுகாப்பாக வீட்டுக்குப் போவார்கள். இல்லையென்றால் அவர்களே பாடப்புத்தகம் ஆவார்கள். இலவச வைத்தியசாலைக்கு வரும் ஏழைகள்தான் பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே, அருகில் ஆள் இல்லாமல் செய்யமாட்டேன் என்று சொன்ன அந்த வன்னி நிபுணர் மாமியைக் கைவிடவில்லை, காப்பாற்றினார்.

மின்சாரம் இல்லாத பத்தாண்டு

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

லப்பரஸ்கோப்பி உலகெங்கும் பரவிய வருடங்களை எண்ணிப் பாருங்கள். 1987 பிரான்ஸ். 1990 மே மாதம் மும்பையில் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் பித்தப்பைச் சத்திரசிகிச்சையை இம்முறையில் செய்தார். அடுத்த சில வருடங்களில் கோயம்புத்தூர் போன்ற தமிழ்நாட்டு நகரங்களுக்கும் வந்துவிட்டது. பாக்குநீரிணைக்கு அப்பால் இது நடந்துகொண்டிருந்தபோது இப்பால் என்ன நடந்தது?

1987 ஒக்டோபரில் யாழ் வைத்தியசாலைக்குள்ளேயே டொக்டர்மாரும் தாதியரும் நோயாளிகளும் இந்திய அமைதிப்படையால் கொல்லப்பட்டார்கள். 1990 நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்கள். மருந்துகள்கூட அளந்துதான் வந்தன. அந்த வருடக் கடைசியில் வைத்தியசாலையைச் சுற்றிய பகுதியைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் வைக்க வேண்டிவந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரே எழும்பி நடந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. கைதடிப் பாலத்தின் மழையும் சனமும்தான் என் முதல் ஞாபகம்.

வாயு, கமெரா, வெளிச்சம், திரை எல்லாவற்றுக்கும் தடையில்லாத மின்சாரம் வேண்டிய ஒரு கலை, மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகள் படித்த ஊருக்கு எப்படி வரும்? அந்தக் காலத்தில் எங்கள் டொக்டர்மார் கற்றது வேறு. வயிற்றைத் திறப்பதையும், கிழிந்த நாளத்தைப் பிடிப்பதையும், அவயவம் அகற்றுவதையும், குறைந்த இரத்தத்தோடு உயிர்காப்பதையும் அவர்கள் கற்றார்கள். மாமி இன்று உயிரோடிருப்பது அந்தத் திறமையால்தான்.

ஆனால் சத்திரசிகிச்சை என்பது புத்தகத்தால் மட்டும் கைமாறுவதல்ல. மூத்தவரின் கையைப் பார்த்து, பிறகு அவர் பார்க்கத் தான் செய்து, பிறகு இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து நீளும் சங்கிலி அது. 1990களில் ஒரு கண்ணி சேரவில்லை என்றால், 2000களில் கற்றுக்கொடுக்க மூத்தவர் இல்லை. 2002இல் ஏ9 திறந்தது, 2006இல் மறுபடி மூடியது. கொழும்பில் கற்ற ஒருவர் இங்கே வந்து தொடர்ச்சியாகக் கற்பிக்கும் வாய்ப்பும் அதோடு அறுந்தது.

இந்த மண்ணுக்குக் கற்பிக்கும் மரபு இல்லாமல் இல்லை. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் கொண்டுவந்தார். 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தொடங்கியது. போருக்குள்ளும் அது மருத்துவர்களை உருவாக்கியது. அறுந்தது மரபு அல்ல, இந்த ஒரு புதிய தொழிலின் கைமாற்றம்.

இன்று யாழ் போதனா வைத்தியசாலையில் லப்பரஸ்கோப்பிச் சத்திரசிகிச்சைகள் நடக்கின்றன. அது பெரிய விடயம். ஆனால் பத்து இலட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் வடமாகாணத்தில் போதனா வைத்தியசாலை அது ஒன்றுதான். கேள்வி அங்கிருந்து வெளியே போகும் பாதை பற்றியது. அந்தக் கை முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் எப்படிப் போய்ச்சேரும்?

இடையில் நிற்கும் ஐந்து தடைகள்

இலங்கையில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் உருவாகும் பாதை நீண்டது. மருத்துவப் பட்டம், உள்ளகப் பயிற்சி, பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, பல வருடப் பயிற்சி, இறுதிப் பரீட்சை, அதன்பிறகும் சிரேஷ்ட பயிற்சிக் காலம், அதில் வெளிநாட்டுப் பயிற்சி. இவ்வளவுக்கும் பிறகு ஊர் வந்து சேரும் ஒருவருக்குமுன் என்ன தடைகள் இருக்கின்றன?

முதலாவது நேரம். திறந்து செய்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிவதை, கற்றுக்கொள்பவர் துளைவழியாகச் செய்ய இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கலாம். சத்திரசிகிச்சைக் கூடம் ஒன்றுதான், அதில் சிசேரியன், விபத்து, குடல்வால் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. காத்திருப்போர் பட்டியல் நீளமான இடத்தில் மெதுவாகக் கற்பிப்பது யாருக்கோ அநியாயமாகத் தெரியும். ஆகவே மூத்தவர் கருவியை வாங்கித் தானே முடித்துவிடுகிறார். பயிற்சியில் இருப்பவர் கமெரா பிடிக்கிறார். கமெரா பிடித்தே வருடங்கள் போகலாம்.

இரண்டாவது எண்ணிக்கை. கை பழகத் தொடர்ச்சி வேண்டும். மாதத்தில் இரண்டு நோயாளி மட்டும் கிடைக்கும் சிறிய வைத்தியசாலையில், முதல் பதின்மூன்றைத் தாண்டவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கற்றது மறக்கிறது.

மூன்றாவது கருவி. முழுத் தொகுதி ஒன்றுக்கு மில்லியன் கணக்கில் ரூபா வேண்டும். பெரும்பாலும் நன்கொடையாகவோ திட்டமொன்றின் கீழோ அது வந்துவிடும். திறப்பு விழாப் படமும் வரும். ஆனால் ஒளியிழை ஒன்று முறிந்தால், வாயு செலுத்தும் இயந்திரம் பழுதானால், திருத்துவதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். அது திரும்பி வரும்வரை கற்றலும் நிற்கிறது. ஒருமுறை மட்டும் பாவிக்க வேண்டிய பொருட்களுக்கு வருடாவருடம் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை நன்கொடையாளர் நினைப்பதில்லை.

நான்காவது குழு. நிபுணர் ஒருவர் மட்டும் கற்றால் போதாது. வயிறு வாயுவால் உப்பியிருக்கும்போது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்கும் மயக்கமருந்து நிபுணர் வேண்டும். கருவியைப் பொருத்தவும் கழுவித் தொற்றுநீக்கவும் தெரிந்த தாதியும் சிற்றூழியரும் வேண்டும். வருடாந்த இடமாற்றத்தில் அந்தத் தாதி போய்விட்டால், நிபுணர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, ஆகப் பெரியது, ஆள். புதிதாகத் தகுதிபெற்ற நிபுணரைத் தூர வைத்தியசாலைக்கு அனுப்புவது வழமை. அதாவது, அருகில் ஒருவர் அதிகம் தேவைப்படும் காலத்தில்தான் அவர் தனியாக நிற்கிறார். தேர்ச்சி பெற்றதும் இடமாற்றம் வாங்கிப் போகிறார். தூர வைத்தியசாலை எப்போதும் யாரோ ஒருவருடைய முதல் பதின்மூன்றாகவே இருக்கிறது.

இவற்றுக்கு மேல் 2022 வந்தது. ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. அதற்குச் சற்றுமுன் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க வேண்டிய நிலைக்கு வந்தது. வழமையான சத்திரசிகிச்சை நின்றால் கற்றலும் நிற்கும், ஏனென்றால் பித்தப்பையும் ஹேர்னியாவும்தான் பயிற்சியின் அரிச்சுவடி. அதன்பின் நூற்றுக்கணக்கான டொக்டர்மார் நாட்டைவிட்டுப் போனார்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் போனவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் ஒரு நிபுணர் போகும்போது, அவர் அருகில் நின்று கற்றிருக்கக்கூடிய மற்றவர்களின் பயிற்சியும் அவரோடு போகிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இது தீராத பிரச்சினையல்ல. எங்களைவிட வசதி கூடியதென்று சொல்லமுடியாத இடங்களும் வழி கண்டிருக்கின்றன.

மொங்கோலியா பரந்த, சனம் குறைந்த, குளிர்மிகுந்த நாடு. 2005இல் அங்கே அகற்றப்பட்ட பித்தப்பைகளில் 2 வீதம் மட்டுமே துளைவழியாக எடுக்கப்பட்டன. 2013இல் அது 62 வீதம். அமெரிக்காவின் யூட்டாப் பல்கலைக்கழகத்தினர் திரும்பத் திரும்ப அங்கே போனார்கள், ஆனால் தாங்கள் செய்துவிட்டு வரவில்லை. உள்ளூர் நிபுணர்களுக்கும் தாதியருக்கும் மயக்கமருந்துக் குழுவுக்கும் ஒன்றாகக் கற்பித்தார்கள். பிறகு தலைநகரில் கற்ற மொங்கோலியரே மாகாணங்களுக்குப் போய்க் கற்பித்தார்கள். அந்தக் கடைசிப் படிதான் முக்கியம்.

இந்தியாவில் ஜேசுதியன் ஞானராஜ் என்ற தமிழ் சத்திரசிகிச்சை நிபுணர், கிராமப்புறங்களுக்காக வாயு இல்லாத முறையை முன்னெடுத்தார். வயிற்றை வாயுவால் உப்புவதற்குப் பதிலாக, வளையம் ஒன்றால் வயிற்றுச்சுவரை மேலே தூக்கிப் பிடிப்பது அது. வாயு இயந்திரம் தேவையில்லை. முழு மயக்கம் இல்லாமல் முள்ளந்தண்டு மரப்பு ஊசியோடும் செய்யலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் அவரோடு சேர்ந்து அந்தத் தூக்கும் கருவியை மேம்படுத்தியது. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. ஆனால், இருக்கும் வசதிக்கு ஏற்றபடி முறையை மாற்றலாம் என்ற எண்ணம் எங்களுக்குப் பொருந்தும்.

பெட்டிப் பயிற்சியும் பொழுதுபோக்கல்ல. 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களில் பாதிப்பேருக்கு மட்டும் கணினிப் போலிப்பயிற்சி கொடுத்துவிட்டு, எல்லோரையும் உண்மையான பித்தப்பைச் சத்திரசிகிச்சையில் கவனித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் 29 வீதம் வேகமாக வேலை செய்தார்கள். பித்தப்பையைக் காயப்படுத்துவதோ தவறான திசுவைச் சுடுவதோ, பயிற்சி பெறாதவர்களிடம் ஐந்து மடங்கு அதிகம் நடந்தது. பெட்டி முதல் பதின்மூன்று பேரை இல்லாமற் செய்யாது. ஆனால் அவர்களிடம் வரும் கை, கருவி எந்தப் பக்கம் திரும்பும் என்று அப்போதுதான் கற்கும் கையாக இருக்காது.

நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

புலம்பெயர்ந்த உறவுகள் எங்கள் வைத்தியசாலைகளுக்கு நிறையச் செய்கிறார்கள். பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள், ஊர்ச்சங்கங்கள் இயந்திரம் வாங்கித் தருகின்றன. அவர்களிடம் ஒன்று கேட்கலாம். இயந்திரத்தோடு, ஐந்து வருடத் திருத்தச் செலவையும், ஒரு பெட்டிப் பயிற்சி அறையையும், கற்றுத்தர வரும் ஒருவரின் பயணச் செலவையும் சேர்த்துத் தாருங்கள். உங்களில் சத்திரசிகிச்சை நிபுணராக இருப்பவர்கள், விடுமுறைக்கு வரும்போது பத்து நோயாளிக்குச் செய்துவிட்டுப் போவதைவிட, உரிய அனுமதியோடு ஒருவர் அருகில் நின்று பத்து நோயாளிக்குச் செய்யவைத்துவிட்டுப் போனால், அடுத்த நூறு பேர் பயன்பெறுவார்கள்.

சுகாதார அமைச்சிடமும் மாகாணத்திடமும் கேட்கக்கூடியவை பெரிய பணத்தைவிடத் திட்டமிடல் சார்ந்தவை. கிழமையில் ஒரு நாளைக் கற்பித்தலுக்கென்று ஒதுக்கலாம். மூத்த நிபுணர் மாதமொருமுறை மாவட்ட வைத்தியசாலைக்குப் போய் அங்குள்ளவருடன் சேர்ந்து செய்யலாம். பயிற்சி பெற்ற தாதியையும் நிபுணரையும் ஒரே வருடத்தில் இடமாற்றாமல் விடலாம்.

நோயாளியாக நாங்களும் கேட்கலாம். யார் செய்யப்போகிறார்? மூத்தவர் அருகில் நிற்பாரா? முன்பு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்ததை, உள்ளே பீஸ் கிடப்பதை அவர்களுக்குச் சொல்லிவிட்டோமா? போர்க்காலக் காயங்களுக்கு எங்களிடம் துண்டு ஒன்றும் இல்லை. அந்த ஆவணங்கள் கடற்கரை மணலில் போயின. ஆகவே வாயால் சொல்லத்தான் வேண்டும். ஸ்கான் எடுக்கும் இடத்தில் உடம்பில் உலோகம் இருப்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. துளைவழியாகத் தொடங்கி இடையில் திறந்து செய்ய நேர்ந்தால், அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். தெளிவாகத் தெரியாதபோது நிறுத்தித் திறப்பதுதான் நல்ல நிபுணரின் அடையாளம். அப்படித் திறக்கும் திறமை எங்கள் மூத்த டொக்டர்மாரிடம் இருக்கிறது. இளையவர்கள் கமெராவை மட்டும் கற்று அதை மறந்துவிடக் கூடாது என்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

போன மாதம் மாமி வீட்டுக்குப் போனபோது இந்தச் சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுபோனேன். அவவின் மகளுக்குக் காட்டினேன். அவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள், சின்ன வயதிலிருந்தே தாயோடு இருந்து ஊசியில் நூல் கோத்த கை. மூன்றாம் தடவையில் ஆறு கச்சானையும் உடைக்காமல் மாற்றிவிட்டாள். நாலு நிமிடம்.

மாமி மெசினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தா. "கை பழகினாச் சரி. ஆனா ஆராவது பக்கத்தில இருந்து சொல்லித்தர வேணும்" என்றா. அவவும் தையலை அப்படித்தான் பழகினவ.